அடுத்தவர் மூச்சில் நம் வாசனை

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் குற்றாலத்தில் சாரல் காலம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராடப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து குவிவார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பதும், சோப்பும் ஷாம்பும் போட்டுக் குளிப்பதும் நெடுநாள் வழக்கமாக இருந்தன. 2014-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதற்குத் தடை விதித்தது. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு முதலியவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது.

இதன் நியாயம் எளிதில் விளங்கும். அருவி நீர் ஒருவர் தலையில் விழுவதோடு முடிந்துவிடுவதில்லை. அது சிற்றாறாக ஓடித் தென்காசியைக் கடந்து, வழியெல்லாம் வயல்களுக்குப் பாய்ந்து, கடைசியில் தாமிரபரணியில் கலக்கிறது. மேலே குளிப்பவர் உடம்பில் பூசியது கீழே இருப்பவரிடம் போய்ச் சேருகிறது. ஆகவே, 'என் உடம்பு, என் சோப்பு' என்று சொல்லிவிட முடியாது.

நீருக்குப் பொருந்தும் இந்த நியாயம் காற்றுக்குப் பொருந்துமா? நாம் பூசிக்கொள்ளும் சென்ட்டும் பவுடரும், அறையில் அடிக்கும் வாசனைத் தெளிப்பானும் காற்றில்தான் கலக்கின்றன. அந்தக் காற்றைத்தான் பக்கத்தில் இருப்பவரும் இழுக்கிறார். பெரும்பாலோருக்கு அது இனிய மணம். ஆனால் சிலருக்கு அதே மணம் இருமலையும் இளைப்பையும் தலைவலியையும் கொண்டுவருகிறது. வாசனைப் பொருள்கள் சேராத வகுப்பறை, மருத்துவமனை, பேருந்து வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு

மணம் என்பது பொருளே அல்ல, ஏதோ ஓர் உணர்வு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் மணக்கும் பொருளின் மூலக்கூறுகள் நம் மூக்கினுள் வந்து சேர்ந்தால்தான் மணம் தெரியும். சென்ட்டுகளிலும் சோப்புகளிலும் மிகுதியாகப் பயன்படும் லினலூல் என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். இதன் ஒரு மூலக்கூறில் 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. மூலக்கூறு எடை 154.

வகுப்பில் படித்த அவகாட்ரோ எண் நினைவிருக்கிறதா? 154 கிராம் லினலூலில் 6 × 10²³ மூலக்கூறுகள் இருக்கும். அப்படியானால் 15.4 மில்லிகிராமில், அதாவது ஒரு துளியிலும் குறைவான அளவில், 6 × 10¹⁹ மூலக்கூறுகள் இருக்கும். உங்கள் வகுப்பறை 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று கொள்ளுங்கள். கன அளவு 150 கன மீட்டர். அதாவது 15 கோடி கன சென்டிமீட்டர். கதவையும் சன்னலையும் மூடிவிட்டு, அந்தச் சிறு துளி முழுவதும் ஆவியாகி அறையெங்கும் சமமாகப் பரவியது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கன சென்டிமீட்டர் காற்றிலும் 40,000 கோடி மூலக்கூறுகள் இருக்கும். நாம் சாதாரணமாக ஒரு மூச்சில் இழுக்கும் காற்று சுமார் 500 கன சென்டிமீட்டர். அதில் இரண்டு கோடி கோடி லினலூல் மூலக்கூறுகள்!

இந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதே காற்றிலுள்ள மற்ற மூலக்கூறுகளோடு ஒப்பிட்டால் இது ஆறு கோடிக்கு ஒன்று என்ற விகிதம்தான். அவ்வளவு குறைந்த அளவையும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடுகிறது என்பதுதான் வியப்பு. சன்னல்களைத் திறந்தால் இந்த அளவு விரைவில் குறையும். மூடிய அறையில் ஒருவர் பூசிய ஒரு துளி அத்தனை பேருக்கும் பங்காகிறது என்பதே இக்கணக்கு காட்டும் செய்தி.

இன்னொன்றும் கவனியுங்கள். அறை வெப்பநிலையில் ஒரு லினலூல் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 220 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அப்படியிருந்தும் முன் வரிசையில் திறந்த சென்ட் சீசாவின் மணம் பின் வரிசைக்கு வரச் சிறிது நேரமாகிறதே, ஏன்? அந்த மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை காற்றின் மூலக்கூறுகளோடு மோதித் திசை மாறித் தடுமாறுகிறது. இவ்வாறு தானே பரவுவதை விரவுதல் என்கிறோம். அது மெதுவான வேலை. மின்விசிறியும் காற்றோட்டமும்தான் மணத்தை விரைவாகச் சுமந்து செல்கின்றன.

மூக்கின் இரு வேலைகள்

மூக்கின் மேற்பகுதியில் ஒரு சிறிய இடத்தில் மணத்தை அறியும் உயிரணுக்கள் அமைந்துள்ளன. அவற்றின் மீது ஏற்பிகள் என்னும் புரதங்கள் இருக்கின்றன. மனிதனிடம் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி என்பதுபோல இல்லாமல், ஒரு மணப்பொருள் பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பியைப் பல மணப்பொருள்கள் தூண்டும். இந்தச் சேர்க்கைகளைக் கொண்டே மூளை பல்லாயிரம் மணங்களைப் பிரித்தறிகிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக ரிச்சர்ட் ஆக்சல், லிண்டா பக் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 2004-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

மூக்கில் இரண்டாவது நரம்பு ஒன்றும் இருக்கிறது. அது முக்கிளை நரம்பு. இதன் வேலை மணத்தை அறிவது அன்று, எரிச்சலை அறிவது. வெங்காயம் நறுக்கும்போது கண் கரிப்பதும், தாளிக்கும்போது மிளகாய் நெடி ஏறித் தும்முவதும், புதினா உப்பை முகர்ந்தால் 'சில்'லென்று இருப்பதும் இந்த நரம்பின் வேலைகளே. சென்ட்டில் உள்ள பல பொருள்கள் அளவு கூடும்போது இந்த நரம்பையும் தூண்டுகின்றன. எனவே 'வாசனை பிடிக்கவில்லை' என்பது வேறு. 'வாசனை எரிச்சல் தருகிறது' என்பது வேறு. முன்னது விருப்பம் பற்றியது. பின்னது உடம்பின் எதிர்வினை.

பூசியவருக்கு ஏன் தெரிவதில்லை?

ஊதுபத்தி எரியும் அறைக்குள் நுழைந்தவுடன் மணம் பலமாகத் தெரிகிறது. சில நிமிடங்களில் அது இருப்பதையே மறந்துவிடுகிறோம். பத்தி அணைந்துவிடவில்லை, நம் மூக்குதான் பழகிவிட்டது. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் ஏற்பிகளும் மூளையும் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகின்றன. புதிதாக வரும் மணத்தைக் கவனிக்க வேண்டுமானால் பழையதை ஒதுக்கத்தானே வேண்டும்? இயற்கையின் நல்ல ஏற்பாடுதான் இது.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. காலையில் சென்ட் போட்டவருக்குச் சிறிது நேரத்தில் அது போதாதது போலத் தோன்றும். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வார். நாள்தோறும் ஒரே சென்ட் போடுபவருக்கோ அது இருப்பதே தெரியாது. பக்கத்தில் வந்து உட்காருபவருக்கு அது முழு வேகத்தோடு தாக்கும். "நான் லேசாகத்தான் போட்டிருக்கிறேன்" என்று அவர் சொல்வது பொய்யன்று. அவருடைய மூக்கு அவ்வாறுதான் சொல்கிறது. இந்த விஷயத்தில் பூசியவரின் மூக்கு நல்ல சாட்சி அல்ல.

யாருக்கு என்ன தொல்லை?

முதலில் ஆஸ்துமா. நம் பக்கத்தில் இதை இளைப்பு என்பார்கள். ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழல்கள் எளிதில் தூண்டப்படுபவை. தூசி, புகை, குளிர்காற்று, கடும் நெடி ஆகியவற்றில் ஏதேனும் பட்டால் குழலைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, உட்சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது. குழலின் ஆரம் குறைகிறது. இங்கே பௌதிகத்தைச் சற்று நினையுங்கள். சீராக ஓடும் ஒரு பாய்பொருளுக்குக் குழாய் தரும் தடை, ஆரத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை. 2 × 2 × 2 × 2, அதாவது 16 மடங்காகிறது! குழல் சிறிது சுருங்கினாலும் மூச்சு ஏன் அவ்வளவு திணறுகிறது என்பது இதிலிருந்து புரியும்.

இரண்டாவது ஒற்றைத் தலைவலி. இந்நோய் உள்ளவர்களில் பலருக்குக் கடும் வாசனை தலைவலியைத் தொடங்கிவைக்கிறது. ஒருமுறை தொடங்கினால் சில மணி நேரம், சிலருக்கு ஒன்றிரண்டு நாள்கூட நீடிக்கும்.

மூன்றாவது தோல் ஒவ்வாமை. வாசனைப் பொருள் பட்ட இடத்தில் அரிப்பும் தடிப்பும் தோன்றும். லினலூலும், எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீனும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு மெல்லச் சேர்ந்து மாறும்போது ஒவ்வாமை தரும் பொருள்கள் உண்டாகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய 26 வாசனைப் பொருள்களின் பெயரைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அழகுசாதனப் பொருளின் உறையில் தனித்தனியே அச்சிட வேண்டும் என்ற விதி 2005 முதல் நடைமுறைக்கு வந்தது. 2023-இல் அந்தப் பட்டியல் 80-க்கும் மேலாக விரிந்தது. நம் வீட்டுச் சோப்பு உறையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'பர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் பத்துப் பொருள்கள் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம்.

அறிஞர்களிடையே ஒரு விவாதம்

இந்த மூன்றிலும் அடங்காத சிலரும் இருக்கிறார்கள். சென்ட், பெயின்ட், பினாயில், பூச்சிமருந்து, புது மரச்சாமானின் நெடி என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பொருள்களின் மிகச் சிறிய அளவுகூட அவர்களுக்குத் தலைசுற்றல், களைப்பு, குமட்டல், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றைத் தருகிறது. 1987-இல் மார்க் கல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்நிலைக்குப் 'பல்பொருள் வேதிக் கூருணர்வு' என்று பொருள்படும் பெயரை வழங்கி, அதன் இலக்கணத்தையும் வகுத்தார்.

இதன் காரணம் இன்னும் முடிவாகவில்லை. நரம்பு மண்டலம் மிகையாகத் தூண்டப்படுகிறது என்பது ஒரு கருத்து. முன்பு பட்ட துன்பத்தை உடம்பு அந்த மணத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது இன்னொரு கருத்து. எந்தக் காற்றைச் சுவாசிக்கிறோம் என்று தெரியாதபடி வைத்து நடத்திய பல சோதனைகளில், உண்மையான பொருளையும் வெறும் காற்றையும் பாதிக்கப்பட்டவர்களால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இடம்பெறவில்லை.

அப்படியானால் இவர்கள் நடிக்கிறார்கள் என்று சொல்லலாமா? கூடாது. காரணம் தெரியாத துன்பமும் துன்பமே. ஒற்றைத் தலைவலியின் காரணங்களைக்கூட மருத்துவம் இன்னும் முழுதாக அறிந்துவிடவில்லை. அதற்காகத் தலைவலியை யாரும் மறுப்பதில்லை. மேலும், ஆஸ்துமாக்காரருக்கும் தலைவலிக்காரருக்கும் தோல் ஒவ்வாமை உள்ளவருக்கும் வாசனையைக் குறைப்பது நன்மை தரும் என்பதில் ஐயமில்லை. விவாதம் முடியும் வரை காத்திருக்காமலே செய்யக்கூடிய காரியம் இது.

எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை? அமெரிக்காவில் சுமார் 1,100 பேரிடம் கேட்டறிந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆன் ஸ்டெயின்மன் என்பவர் நடத்திய அந்த ஆய்வில், 34.7 சதவீதத்தினர் வாசனைப் பொருள்களால் தங்களுக்கு ஏதேனும் ஓர் உடல் தொல்லை வருவதாகச் சொன்னார்கள். இது மருத்துவர் சோதித்துக் கண்ட எண் அன்று. மக்கள் தாமே சொன்னது. அதை மனத்தில் கொண்டுதான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். பாதிக்குப் பாதி குறைத்துக்கொண்டாலும் அது சிறிய எண் அல்லவே!

இயற்கை வாசனைக்குத் தீங்கில்லையா?

"செயற்கைச் சென்ட்தானே கெடுதி? மல்லிகையும் சந்தனமும் என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்கலாம். தென்காசி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது இயல்பான கேள்வி. சங்கரன்கோவில் பூச்சந்தையும் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையும் பெயர் பெற்றவை. குற்றாலத்துத் தோட்டங்களில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே கிராம்பும் சாதிக்காயும் பயிராக்கப்பட்டன.

மல்லிகையின் மணத்தில் லினலூலும் பென்சைல் அசிட்டேட்டும் இருக்கின்றன. எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் லிமோனீன் இருக்கிறது. கிராம்பின் காரமான மணத்துக்கு யூஜினால் காரணம். இதே பொருள்களை ஆலைகளிலும் செய்கிறார்கள். பூவிலிருந்து வந்த லினலூல் மூலக்கூறும் ஆலையிலிருந்து வந்ததும் மூச்சுக்குழலுக்கு ஒன்றேதான். பிறந்த இடத்தை அது கேட்பதில்லை.

வேறுபாடு பெரும்பாலும் அளவில் இருக்கிறது. ஒரு முழம் பூ தன் மணத்தைச் சிறிது சிறிதாக விடுகிறது. தெளிப்பானோ ஓர் அழுத்தில் நுண்துளிகளாகச் சிதறி, ஒரே நேரத்தில் காற்றை நிரப்பிவிடுகிறது. எனினும் மல்லிகை மணத்துக்கே தலைவலி வருபவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்களே! 'இயற்கை' என்ற சொல் உறையில் இருப்பதாலேயே ஒரு பொருள் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நம்பிவிடக் கூடாது.

காற்றில் கலந்த பிறகும் இவற்றின் கதை முடிவதில்லை. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து தரைமட்டத்தில் ஓசோன் வாயுவை உண்டாக்குகின்றன. லிமோனீன் அந்த ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் பொருளையும் மிக நுண்ணிய துகள்களையும் தருகிறது. அறையில் கெட்ட வாடையைப் போக்க அடிக்கும் எலுமிச்சை மணத் தெளிப்பான் காற்றைத் தூய்மையாக்குவதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

புகையோடு வரும் மணத்துக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவை மணத்தோடு நுண்துகள்களையும் விடுகின்றன. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்களின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மணமே தூய்மையா?

பழந்தமிழில் 'நாற்றம்' என்ற சொல் நறுமணத்தைக் குறித்தது. இன்று கெட்ட வாடையைக் குறிக்கிறது. தமிழாசிரியர்கள் இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். சொல்லின் பொருள் மாறியதுபோலவே, தூய்மை பற்றிய நம் எண்ணமும் மாறிவிட்டது. மணம் வந்தால்தான் சுத்தம் என்று பழகிவிட்டோம்.

சோப்பு அழுக்கை எப்படி நீக்குகிறது? அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய்ப் பிசுக்கைச் சுற்றிச் சூழ்ந்துகொண்டு அதை நீரோடு கொண்டுபோய்விடுகிறது. இதில் வாசனைக்கு எந்த வேலையும் இல்லை. வாசனை சேர்க்காத சோப்பும் அதே அளவு அழுக்கை நீக்கும்.

வியர்வையும் அப்படித்தான். புதிதாகச் சுரந்த வியர்வைக்கு ஏறக்குறைய மணமே இல்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை எழுகிறது. நாள்தோறும் குளித்து, துவைத்து வெயிலில் உலர்த்திய உடையை அணிந்தால் வாடை பெரிதும் குறையும். உங்கள் வயதில் வியர்வைச் சுரப்பிகள் புதிதாக வேகம் கொள்கின்றன. வாடை வருமோ என்ற கூச்சத்தினால்தான் பலர் பாடி ஸ்ப்ரேயை நாடுகிறார்கள். அந்தக் கூச்சத்தைக் கேலி செய்யாதீர்கள். கேலி செய்தால் ஸ்ப்ரே இன்னும் கூடுமே தவிரக் குறையாது.

உலகம் என்ன செய்கிறது?

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1990-களிலேயே மருத்துவமனைகளும் பள்ளிகளும் அலுவலகங்களும் வாசனை வேண்டாம் என்ற வழக்கத்தை மேற்கொண்டன. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2009-இல் தன் கட்டடங்களுக்குள் வாசனைத் தெளிப்பான்கள் முதலியவற்றைத் தவிர்க்கும் கொள்கையை வகுத்தது. பணியாளர்களும் வாசனைப் பொருள்களைத் தவிர்த்து வருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். டெட்ராய்ட் நகராட்சியின் ஊழியர் ஒருவர், உடன் பணிபுரிந்தவரின் சென்ட்டால் தம்மால் மூச்சுவிட முடியவில்லை என்று வழக்குத் தொடுத்தார். 2010-இல் நகராட்சி 1 இலட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டதுடன், ஊழியர்கள் வாசனைப் பொருள்களைத் தவிர்க்கும்படி அறிவிப்பும் வைத்தது.

நம் நாட்டில் வாசனை பற்றி இப்படி ஒரு விதி இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் வேதிக் கூருணர்வு இடம்பெறவில்லை. ஆனால் பொதுக் காற்று பற்றிய ஒரு முன்னோடித் தீர்ப்பு நமக்குப் பக்கத்திலேயே பிறந்தது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்குள்ள உயர்நீதிமன்றம் 1999-இல் பொது இடங்களில் புகைபிடிப்பதற்குத் தடை விதித்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் இந்தியா முழுவதற்கும் அத்தகைய உத்தரவைப் பிறப்பித்தது. 2008 அக்டோபர் 2 முதல் விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பேருந்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். இன்று யாரும் பற்றவைப்பதில்லை. சென்ட்டும் சிகரெட்டும் ஒன்றல்ல. தீங்கின் அளவில் பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் பொதுக் காற்றில் எல்லாருக்கும் பங்குண்டு என்ற கருத்து இரண்டுக்கும் பொது.

நம் பள்ளியில் என்ன செய்யலாம்?

தேர்வுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். இளைப்பு உள்ள மாணவி ஒருத்தி மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். முன்னால் ஒருவர் சென்ட் போட்டிருக்கிறார். காலையில்தான் தரையைப் பினாயிலால் துடைத்திருக்கிறார்கள். சாரல் அடிக்கிறது என்று சன்னல்களும் மூடப்பட்டிருக்கின்றன. அவளால் எழுந்து வேறிடம் போக முடியாது. வருடம் முழுவதும் படித்தது அந்த அறைக் காற்றினால் வீணாகலாம். இதைத் தவிர்ப்பதற்குப் பணச் செலவு ஏதும் இல்லை. கீழ்க்கண்டவற்றைத் தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் பேசிப் பாருங்கள்:

1. வகுப்பறை, நூலகம், தேர்வுக்கூடம் ஆகிய இடங்களுக்குச் சென்ட், பாடி ஸ்ப்ரே போடாமல் வருவது. ஆசிரியர்களும் இதைக் கடைப்பிடித்தால் மாணவர்கள் தாமே பின்பற்றுவார்கள்.

2. பினாயில் முதலியவற்றால் துடைக்கும் வேலையை மாலையில் வகுப்பு முடிந்தபின் செய்து, சன்னல்களைத் திறந்து வைப்பது.

3. வாடை வரும் இடத்தில் வாசனைத் தெளிப்பானை அடிக்காமல் வாடையின் காரணத்தை நீக்குவது. கழிவறைக்குத் தேவை தண்ணீரும் காற்றோட்டமும்.

4. சரசுவதி பூசை போன்ற நாள்களில் ஊதுபத்தியையும் சாம்பிராணியையும் திறந்த வெளியில் ஏற்றுவது. வழிபாட்டுக்கு எந்தக் குறையும் வராது.

5. பெயின்ட் அடித்தல், பூச்சிமருந்து தெளித்தல் ஆகியவற்றை நீண்ட விடுமுறையில் வைத்துக்கொள்வது.

6. பொருள் வாங்கும்போது உறையைப் படிப்பது. 'அன்சென்ட்டட்' என்றிருந்தால், மூலப்பொருளின் வாடையை மறைக்க வேறொரு வாசனை சேர்த்திருக்கக்கூடும். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்றால் வாசனைப் பொருள் சேர்க்கவில்லை என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல.

தொல்லைப்படுபவர் நீங்களாக இருந்தால் வாய்திறந்து சொல்லுங்கள். "சார், எனக்கு இளைப்பு உண்டு. இந்த வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. சன்னல் பக்கம் உட்காரட்டுமா?" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பேருந்தில் முன்வரிசையில் பத்தி எரிந்தால், "அண்ணே, புகை நெஞ்சை அடைக்குது, கொஞ்சம் அணைச்சிருங்க" என்றால் பெரும்பாலான ஓட்டுநர்கள் கேட்பார்கள். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை எப்போதும் கையில் வைத்திருங்கள். வாசனையைத் தவிர்ப்பது மருந்துக்கு மாற்று ஆகாது.

தொல்லைப்படுபவர் உங்கள் நண்பராக இருந்தால், "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே!" என்று சொல்லாதீர்கள். ஒருவர் மூச்சுக்குழலைப் போல மற்றொருவர் மூச்சுக்குழல் இருக்க வேண்டியதில்லை என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள். சென்ட்டையும் பூவையும் யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை. திருவிழாவிலும் திருமணத்திலும் வீட்டிலும் அவற்றுக்கு இடம் உண்டு. எழுந்துபோக முடியாத இடங்களில் மட்டும் காற்றை வெறும் காற்றாக விட்டுவைப்போம்.

செய்து பாருங்கள்

வகுப்பறையின் கதவு, சன்னல்களை மூடி, விசிறியை நிறுத்துங்கள். இளைப்பு, தலைவலி உள்ளவர்கள் வெளியில் நின்று நேரத்தைக் குறிக்கட்டும். ஒரு மூலையில் நின்று எலுமிச்சைத் தோல் ஒன்றைக் கசக்குங்கள். மணம் தெரிந்தவுடன் ஒவ்வொருவரும் கை தூக்க வேண்டும். கடைசி வரிசைக்கு எத்தனை நொடியில் மணம் வந்தது? சன்னல்களைத் திறந்து அறையை ஆறவிட்டு, விசிறியை ஓடவிட்டு மறுபடியும் செய்யுங்கள். இரண்டு நேரங்களுக்கும் எவ்வளவு வேறுபாடு? பத்து நிமிடம் அறையிலேயே இருந்தவர்களையும் வெளியிலிருந்து புதிதாக உள்ளே வந்தவர்களையும் மணத்தின் அளவு பற்றிக் கேளுங்கள். இருவர் விடையும் ஒன்றாக இருக்கிறதா? விடைகளை அட்டவணையாக எழுதி, அதையே உங்கள் வகுப்பின் வேண்டுகோளோடு தலைமையாசிரியரிடம் கொடுக்கலாம்.